முடிவை முதலில் சொல்லும் ஆங்கிலம்

"நேற்று மதியம் லேபில் இரண்டாவது மோட்டாருக்கு 230 வோல்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது பேரிங் சூடாகி நின்றுவிட்டது."

தமிழில் இந்த வாக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை. எப்போது, எங்கே, எதற்கு, எவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் முடிச்சை அவிழ்க்கிறோம். கேட்பவரும் காத்திருப்பார், வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்று தமிழ்க் காதுக்குத் தெரியும். இதே வரிசையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், "எஸ்டர்டே ஆஃப்டர்நூன், இன் த லேப், ஃபார் த செகண்ட் மோட்டார், வி கேவ் 230 வோல்ட்ஸ் அண்ட்…" என்று இழுபடும். எதிரே இருப்பவர் மோட்டாருக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஆங்கிலக் காது முதல் ஐந்தாறு சொற்களுக்குள் எது, என்ன ஆனது என்று எதிர்பார்க்கும். "மோட்டார் டூ ஸ்டாப்ட் எஸ்டர்டே பிகாஸ் இட்ஸ் பேரிங் ஓவர்ஹீட்டட்." முதல் மூன்று சொற்களிலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சமெல்லாம் விவரம்.

ஆங்கிலம் வரவில்லை என்றதும் ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்யக் கிளம்புகிறவர்கள் உண்டு. பொறியியல் படிப்பவருக்குச் சிக்கல் பெரும்பாலும் அங்கே இருக்காது. டேட்டாஷீட்டும் (உதிரிபாகத்தின் விவரத்தாள்) பாடப்புத்தகமும் புரட்டிப் புரட்டி, வேண்டிய சொற்களில் முக்கால்வாசி ஏற்கனவே கைவசம் இருக்கும். அவற்றை எந்த வரிசையில் இறக்குவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். ஒற்றை வாக்கியத்தில் தொடங்கும் இந்தக் கோளாறு மின்னஞ்சல், ரிப்போர்ட், ஸ்லைடு, நேர்காணல் வரைக்கும் அப்படியே கூட வரும்.

சரிசெய்யும் பயிற்சி எளிது. அன்றைக்கு லேபிலோ ப்ராஜெக்டிலோ நடந்ததைத் தமிழில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் கடைசி வினைச்சொல்லின் கீழே கோடு போடுங்கள். அந்த வினையைச் செய்தது எது, அல்லது யார் என்பதை வட்டமிடுங்கள். இப்போது ஆங்கிலத்தில் வட்டமிட்டதை முதலிலும், கோடு போட்டதை இரண்டாவதாகவும் எழுதுங்கள். அடுத்தது செயப்படுபொருள். இடமும் நேரமும் காரணமும் அதற்குப் பிறகு. ஆரம்பத்தில் ஐந்து வாக்கியத்துக்கு 20 நிமிடம் பிடிக்கும். விடாமல் செய்தால் இது கைக்குப் பழகும். பேச்சுக்கு அவசரப்பட வேண்டாம். எழுத்தில் வரிசை மாறாமல் பேச்சில் மாறாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எழுவாயை முதலில் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அதன் தலையில் ஒரு மூட்டையைக் கட்டிவிடுவோம்: "த மோட்டார் விச் வாஸ் பாட் லாஸ்ட் வீக் ஃபார் த கன்வேயர் விச் வி ஆர் டிசைனிங்…" வினைச்சொல் மறுபடியும் பதினைந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. தமிழில் "போன வாரம் வாங்கிய", "நாங்கள் வடிவமைக்கும்" என்று பெயரெச்சங்களை முன்னால் கோத்துக்கொண்டு போகும் பழக்கத்தின் மிச்சம் இது. இரண்டு வாக்கியமாக வெட்டுங்கள்.

எத்தனை சொல்லில் வெட்டுவது? அதற்குப் பொறியாளர்களே ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். விமானப் பராமரிப்புக் கையேடுகளை ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மெக்கானிக்குகளும் படித்து, தப்பில்லாமல் வேலை செய்தாக வேண்டும். அதற்காக 1980களில் உருவானதுதான் சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ். இப்போது அது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் ஒரு தரநிலையாக இருக்கிறது. அதன்படி, செய்முறை சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. விளக்கும் வாக்கியத்துக்கு 25 சொல். ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. ஒரு பத்திக்கு ஆறு வாக்கியம். பொதுச்சொற்கள் ஏறக்குறைய 900 மட்டுமே; துறைச் சொற்களை அவரவர் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான்: "ஃபாலோ" என்றால் பின்னால் வருவது, விதியைக் கடைப்பிடிப்பது என்ற பொருளில் அதைப் பயன்படுத்தக் கூடாது. "ஸ்டார்ட்" இருக்கும்போது "கமென்ஸ்", "இனிஷியேட்" எதற்கு என்று அவற்றைத் தள்ளிவிட்டார்கள். கம்பீரமான சொல்லைத் தேடி அலையும் மாணவர்கள் இதை ஒரு முறை பார்ப்பது நல்லது. பறக்கிற இயந்திரத்தைப் பழுது பார்க்கவே 900 சொல் போதுமென்றால், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் போதாதா?

தமிழின் நிழல் விழும் இடங்கள்

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிட, தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது வேலையையே கெடுக்கும் சில இடங்களை மட்டும் பிடித்துக்கொள்வது மேல்.

"எல்லா சென்சாரும் வேலை செய்யல." இதை அப்படியே "ஆல் த சென்சார்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்" என்று எழுதினால் இரண்டு பொருள் வரும்: ஒன்றுகூட வேலை செய்யவில்லை, அல்லது எல்லாமே வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது, சில செய்கின்றன. முதலாவது என்றால் மின் சப்ளையைப் பார்க்கப் போவார்கள். இரண்டாவது என்றால் தனித்தனி சென்சாரைக் கழற்றுவார்கள். எண்ணைப் போட்டுவிட்டால் குழப்பமே இல்லை: "டூ ஆஃப் த சிக்ஸ் சென்சார்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்." எதுவுமே இல்லையென்றால் "நன் ஆஃப் த சிக்ஸ்".

"தான்" என்ற இடைச்சொல் இன்னொன்று. "நீங்கதான் ஃபியூஸை மாத்தச் சொன்னீங்க" என்பது "யூ ஒன்லி டோல்ட் மீ டு சேஞ்ச் த ஃபியூஸ்" ஆகிறது. கேட்பவர் காதில் இது "ஃபியூஸை மாற்றச் சொன்னீர்களே தவிர வேறெதுவும் சொல்லவில்லை" என்று விழும். "இட் வாஸ் யூ ஹூ டோல்ட் மீ" என்று சொல்லலாம். அல்லது பேச்சில் "யூ" என்பதில் மட்டும் அழுத்தம் கொடுத்தால் போதும். ஆங்கிலத்தில் "தான்" வேலையைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

"பை", "டு" இரண்டையும் மாற்றிப் போட்டால் கருவியே கெடலாம். 60 டிகிரியில் இருக்கும் அடுப்பை "இன்க்ரீஸ் பை 80" என்றால் 140க்குப் போகும். "இன்க்ரீஸ் டு 80" என்றால் 80இல் நிற்கும். தமிழில் இந்த வேறுபாடு நமக்கு நன்றாகவே தெரியும்: "80 டிகிரி கூட்டு", "80 டிகிரிக்குக் கொண்டு போ". அந்த "க்கு"தான் "டு". சதவீதத்திலும் இதே வலை உண்டு. திறன் 40 சதவீதத்திலிருந்து 50க்கு உயர்ந்தால், அது 10 பர்சென்டேஜ் பாயின்ட் உயர்வு, ஆனால் 25 பர்சென்ட் உயர்வு. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் படிப்பவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். பாதுகாப்பான வழி, இரண்டு எண்ணையும் எழுதிவிடுவது: ஃப்ரம் 40 டு 50.

"வேண்டும்" என்ற ஒரே சொல்லைக் கொண்டு தமிழில் கட்டாயம், பரிந்துரை, தேவை, ஆசை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஸ்பெசிஃபிகேஷனில் அது செல்லாது. "ஷல்" என்றால் கட்டாயம். செய்யாவிட்டால் பொருள் தேறாது. "ஷுட்" என்றால் பரிந்துரை. தகுந்த காரணமிருந்தால் விலகலாம். "மே" என்றால் அனுமதி. "கேன்" என்றால் முடியும் என்பது மட்டும். இணைய நெறிமுறை ஆவணங்களில் இந்த மாதிரிச் சொற்களின் பொருளை வரையறுக்கவே 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று தனியாக ஒரு ஆவணம் போட்டார்கள். ப்ராஜெக்ட் தேவைப் பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் "வேண்டும்" எந்த வகை என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

காலம் காட்டும் வினைகளில் மூன்றைச் சரிசெய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தேதியோ "எஸ்டர்டே"யோ இருந்தால் வெறும் இறந்தகாலம்: "ஐ டெஸ்டட் இட் எஸ்டர்டே", "ஹாவ் டெஸ்டட்" அங்கே கூடாது. "டிட்" வந்துவிட்டால் அடுத்த வினை அடிப்படை வடிவத்துக்குத் திரும்பும்: "டிட் யூ கம்ப்ளீட்", "கம்ப்ளீட்டட்" இல்லை. இரண்டு நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு "ஐ ஆம் டூயிங் சின்ஸ் டூ டேஸ்" வராது, "ஐ ஹாவ் பீன் டூயிங் இட் ஃபார் டூ டேஸ்." கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய நாளுக்கு "சின்ஸ்". வேலையின் நிலவரத்தைக் கேட்கும் மேலாளருக்கு முடிந்ததா, நடக்கிறதா, இனிமேல்தானா என்பது வினைச்சொல்லின் வாலில்தான் தெரியும்.

"டவுட்" என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். நமக்கு அது கேள்வி. பிற நாட்டவர் பலருக்கு அது அவநம்பிக்கை. "ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் டிசைன்" என்றால் உங்கள் டிசைன் மேல் எனக்கு நம்பிக்கையில்லை என்று முகம் சுருங்கும். "ஐ ஹாவ் எ க்வெஸ்சன் அபௌட் யுவர் டிசைன்" என்றால் ஒரு வம்பும் இல்லை. "ரிவர்ட்" இன்னும் மோசம். பதில் அனுப்புகிறேன் என்ற பொருளில் "ஐ வில் ரிவர்ட் டுமாரோ" என்று மென்பொருள் குழுவுக்கு எழுதினால், நிரலைப் பழைய நிலைக்கே மாற்றப்போகிறார் என்று அலறுவார்கள். "ரிப்ளை" என்ற எளிய சொல் இருக்கிறது. எக்விப்மென்ட், சாஃப்ட்வேர், இன்ஃபர்மேஷன், ஃபீட்பேக் நான்குக்கும் கடைசியில் "ஸ்" ஒட்டாது. எண்ண வேண்டுமென்றால் "த்ரீ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட்".

மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "கொடு" என்பதோடு "ங்க" சேர்ந்தால் போதும். ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. "அனுப்புங்க" என்று பணிவாக நினைத்து "செண்ட் த ஃபைல்" என்று எழுதினால் அது "அனுப்பு" ஆகிவிடுகிறது. இந்தக் குறை உள்ளூரத் தெரிவதால்தான் "ரெஸ்பெக்டட் சார்", "கைண்ட்லி", "டு த நீட்ஃபுல்" என்று வேறு இடங்களில் மரியாதையைக் கொட்டி ஈடுகட்டுகிறோம். ஆங்கிலம் மரியாதையைக் கேள்வியில் வைத்திருக்கிறது: "குட் யூ செண்ட் த ஃபைல் பை ஃப்ரைடே?" அந்த "குட் யூ"தான் நம் "ங்க". அதைப் போட்டுவிட்டால் மூன்று "கைண்ட்லி"களைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்வர்ட்டர் போர்டில் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அதிகமாகச் சூடாகிறது. சூட்டை வெளியேற்றப் பெரிய ஹீட் சிங்க் வாங்க அவர் ஒப்புதல் வேண்டும். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: சப்ஜெக்ட் வரியில் "ரிகார்டிங் ப்ராஜெக்ட்". உள்ளே, தான் யார், எந்த ஆண்டு, எந்தத் துறை, ப்ராஜெக்ட் எப்போது தொடங்கியது, என்னென்ன வாங்கினோம், எப்படி சோதித்தோம். பதினோராவது வரியில் ஹீட் சிங்க். அதற்குள் அவர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போயிருப்பார்.

தலைகீழாகத் திருப்புங்கள். சப்ஜெக்ட் வரியிலேயே பொருள், கோரிக்கை, தேதி மூன்றும் இருக்கட்டும்: "இன்வர்ட்டர் போர்டு: அப்ரூவல் நீடட் பை 12 ஜூன் ஃபார் லார்ஜர் ஹீட் சிங்க்." முதல் வரி கோரிக்கை: "குட் யூ அப்ரூவ் எ லார்ஜர் ஹீட் சிங்க் ஃபார் த இன்வர்ட்டர் போர்டு?" இரண்டாவது வரி காரணம், எண்ணோடு: ஜூன் 8இல் 30 நிமிடம் ஓட்டியபோது மாஸ்ஃபெட் மேற்பரப்பு 96 டிகிரி செல்சியஸைத் தொட்டது, நமது வரம்பு 85. மூன்றாவது வரி, ஏன் 12ஆம் தேதி: மறுசோதனை 14ஆம் தேதி. நான்காவது வரி, இணைப்பில் என்ன இருக்கிறது. முடிந்தது. "டுமாரோ", "ஏஎஸ்ஏபி" போன்றவற்றுக்குப் பதில் தேதி எழுதுங்கள். அந்தத் தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்; 05/06 என்பது ஒருவருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. அனுப்பும் முன் முதல் இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துப் பாருங்கள். அதை மட்டும் படித்தே அவரால் பதில் சொல்ல முடிந்தால் மின்னஞ்சல் சரி.

ரிப்போர்ட்டும் அந்த ஸ்லைடும்

லேப் ரிப்போர்ட்டில் அடிக்கடி காணும் தவறு, மேனுவலில் உள்ள கட்டளையை அப்படியே பெயர்த்து எழுதுவது. "கனெக்ட் த சர்க்யூட்" என்பது மேனுவல் உங்களிடம் சொல்வது. ரிப்போர்ட் நடந்ததைச் சொல்வது, ஆகவே "த சர்க்யூட் வாஸ் கனெக்டட்". செய்தது இறந்தகாலம், வரைபடம் காட்டுவது நிகழ்காலம்: "த பீம் வாஸ் லோடட் இன் ஸ்டெப்ஸ் ஆஃப் 5 கிலோநியூட்டன்", ஆனால் "ஃபிகர் 3 ஷோஸ்". யார் பளு ஏற்றினார்கள் என்பது சோதனைக்கு முக்கியமில்லாததால் செயப்பாட்டு வினை அங்கே பொருந்தும். அதே பழக்கத்தை நேர்காணலுக்குக் கொண்டுபோய் "த கோட் வாஸ் ரிட்டன்" என்றால், எழுதியது யாரப்பா என்று அடுத்த கேள்வி வரும்.

பிழைக்குக் காரணம் எழுதும் இடத்தில் "ஹியூமன் எரர்" என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். 0.8 ஆம்பியர் ரீடிங் எடுத்த மீட்டரின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 ஆம்பியர் என்றால், அதுவே 12.5 சதவீதம். அதை எழுதுங்கள். "ஃபவுண்ட் அவுட்" என்பது ரகசியத்தைக் கண்டுபிடிப்பதற்கு. அளவுக்கு "மெஷர்ட்", கணக்குக்கு "கால்குலேட்டட்". எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அலகுக் குறியீட்டுக்குப் பன்மை கிடையாது. கேஜிக்குப் பின்னால் "எஸ்" போடுவது தவறு. சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. ஒரு எழுத்தின் உயரத்தில் நூறு கோடி மடங்கு வித்தியாசம். அலகு சிறு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 1999 செப்டம்பரில் செவ்வாயில் தொலைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் போதும்: ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் கொடுத்ததை, இன்னொன்று நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது.

முடிவைக் கடைசியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் ஒன்று உண்டு. 2003 ஜனவரி 16இல் கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய சற்று நேரத்தில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று ஆராய்ந்த பொறியாளர்கள், விண்ணோடம் இன்னும் மேலே இருந்தபோதே நாசாவுக்கு ஸ்லைடுகளில் விளக்கம் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கம்தான் இருக்கிறது என்ற தொனியில் இருந்தது. கீழே புள்ளி, உட்புள்ளி, அதற்கும் உட்புள்ளி. "சிக்னிஃபிகன்ட்" என்ற சொல்லும் அதன் உறவும் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு அர்த்தத்தில், ஒன்றில்கூட எண் இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசி வரியில், சின்ன எழுத்தில், விஷயம் இருந்தது: மோதிய துண்டின் கணிக்கப்பட்ட கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. இந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். தலைப்பில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் அது. பிப்ரவரி 1இல் விண்ணோடம் திரும்பும் வழியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்கு அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இந்த ஸ்லைடை எடுத்துப் போட்டு, பொறியியல் விளக்கத்தை இப்படிப் புள்ளிகளாக நறுக்கும் பழக்கத்தைக் கண்டித்தது.

ஆகவே ஸ்லைடு தலைப்பில் "ரிசல்ட்ஸ்" என்று எழுதாதீர்கள். முழு வாக்கியமாக, வினைச்சொல்லோடு எழுதுங்கள்: "த லார்ஜர் ஹீட் சிங்க் கீப்ஸ் த மாஸ்ஃபெட் பிலோ 85 டிகிரீஸ்." கீழே அதற்கு ஆதாரமான ஒரே ஒரு வரைபடம். வரைபடத்தை விளக்கும்போது நேராக வளைவுக்குப் பாயாமல், கிடை அச்சு என்ன, நெடுக்கு அச்சு என்ன, அலகு என்ன என்று சொல்லிவிட்டுப் பிறகு வளைவுக்கு வாருங்கள். இதற்குப் பத்து நொடி போதும். பலர் அதைத் தாண்டிவிடுவதால், கேட்பவர் அச்சைப் படிப்பதில் மூழ்கி, நீங்கள் சொல்லும் முக்கியமான வாக்கியத்தைத் தவற விடுகிறார். 10 நிமிடப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 130 சொல் என்றால் 1300 சொல் ஆகும். நிறுத்தங்களைக் கழித்து 1000 சொல்லுக்குத் தயார் செய்யுங்கள். அதற்கு மேல் இருந்தால் கடைசி மூன்று ஸ்லைடுகளை ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். முடிவு பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கும்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் சுற்றி வளைக்காமல் எல்லையைச் சொல்லுங்கள்: "வி டெஸ்டட் ஒன்லி அப் டு 40 டிகிரீஸ் ஆம்பியன்ட்." இது பதில்தான்.

வாயும் காதும்

உச்சரிப்பில் வெள்ளைக்காரர் மாதிரி பேச முயல்வது வீண் வேலை. புரிய வேண்டும், அவ்வளவுதான். புரிவதைக் கெடுப்பவை இரண்டு.

முதலாவது, அழுத்தம் விழும் அசை. தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய சமமாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கலாகவும் மற்றவை அமுங்கியும் வரும். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகும். "பெராமீட்டர்" என்று "மீ"யை நீட்டுகிறோம். அழுத்தம் இரண்டாவது அசையில், ப-ரா-மி-டர். "காம்பொனென்ட்" என்று முதலில் ஊன்றுகிறோம். அது கம்-போ-னென்ட், "போ"வில் ஊன்ற வேண்டும். அனாலிசிஸில் அழுத்தம் "னா"வில், ஆனால் அனலைஸில் முதல் அசையில். டிடர்மின் என்பதன் கடைசியில் "மைன்" கிடையாது. "ரெகார்ட்" பெயராக இருந்தால் முதல் அசை, வினையாக இருந்தால் இரண்டாவது, கண்டக்ட்டும் அப்படியே. அகராதியில் ஒலிக்குறிப்புக்குள் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம். உங்கள் ப்ராஜெக்டில் வரும் 40 சொல்லை எடுத்து, அந்தக் கோட்டைப் பார்த்து, அழுத்த அசையைச் சிவப்பில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 40 போதும்; பேச்சில் திரும்பத் திரும்ப வருவது அவைதான்.

இரண்டாவது, நம் எழுத்து மறைக்கும் ஒலிகள். "பேட்டரி பேக்", "ஃபீட் பேக்" இரண்டிலும் தமிழில் ஒரே "பேக்"தான். ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி. இந்தப் பதிவிலேயே அதை எழுதிக் காட்ட வழியில்லை, அதுதான் வேடிக்கை. ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். பேட்டரி பேக்கில் இரண்டாவதாக வரும் "பே" சொன்னால் தாள் ஆட வேண்டும், ஃபீட் பேக்கில் வருவது சொன்னால் ஆடக் கூடாது. "க", "ட" வரும் சொற்களுக்கும் இதே சோதனை செல்லும்.

எண்களுக்குத் தனி எச்சரிக்கை. தொலைபேசியில் 15உம் 50உம், 13உம் 30உம் ஒன்று போலவே கேட்கும். அளவு சொல்லும்போது எண்ணைச் சொல்லி, உடனே இலக்கங்களையும் சொல்லுங்கள்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ், மில்லிமீட்டர்ஸ்." எதிர்ப்பக்கம் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தினசரிப் பயிற்சி

சரளத்துக்கு 4-3-2 என்றொரு பழைய முறை இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி ஒருவரிடம் 4 நிமிடம் பேசுங்கள். அதே விஷயத்தை இன்னொருவரிடம் 3 நிமிடத்தில். மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். இடையில் யாரும் திருத்தக் கூடாது. என்ன சொல்வது என்பது முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் எப்படிச் சொல்வது என்பதற்கு மூளை ஒழிவாகிறது. ஆள் கிடைக்காவிட்டால் போனில் பதிவு செய்யலாம், கொஞ்சம் சப்பென்று இருக்கும். எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிப்பது இதற்கு நேர் எதிர். நடுவில் ஒரு கேள்வி வந்தால் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி ஆகிவிடும்.

நேர்காணலில் ப்ராஜெக்டைச் சொல்லச் சொன்னால் 90 நொடி, அதாவது 200 சொல்லுக்குள் முடியுங்கள். முதலில் கிடைத்த பலன், எண்ணோடு. பிறகு என்ன சிக்கலுக்காகச் செய்தது, அதில் "நான்" செய்தது எது, எது தோற்றது, அதற்கு என்ன செய்தோம். "வி" என்றே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு அவர்களுக்குத் தெரியாது. நான்கு பேர் செய்த வேலையை "ஐ" என்று அள்ளிக்கொண்டால் மூன்றாவது கேள்வியில் குட்டு உடையும்.

புதுச் சொல் சேர்க்கும்போது தனிச்சொல்லாகச் சேர்க்காமல் கூட்டாளியோடு சேருங்கள். டெஸ்ட் என்றால் கண்டக்ட், சிமுலேஷன் என்றால் ரன், ரீடிங் என்றால் டேக், லோடு என்றால் அப்ளை, ரிக்வயர்மென்ட் என்றால் மீட். எல்லாவற்றுக்கும் "டூ" போட்டு ஓட்டுவதைவிட இந்தச் சோடிகள் பேச்சை உடனே தூக்கிக் காட்டும். இவற்றைத் தேட வேறெங்கும் போக வேண்டாம். கையில் இருக்கும் டேட்டாஷீட்டில் நான்கு பக்கம் சத்தமாக வாசித்துக் கோடு போட்டால் கிடைக்கும்.

எழுத்தைத் திருத்தும் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் முதல் பிரதியை நீங்களே எழுதிய பிறகு. "இதை நன்றாக எழுதிக் கொடு" என்று கேட்டால் நடை வழவழப்பாகும், நமக்கு ஒன்றும் ஒட்டாது. கூடவே "ஸ்ட்ரெஸ்" இருந்த இடத்தில் "பிரஷர்", "பிரிசிஷன்" இருந்த இடத்தில் "அக்யுரசி" என்று துறைச்சொல் சத்தமில்லாமல் மாறியிருக்கலாம். "தவறுகளை மட்டும் குறி, திருத்தாதே" என்று கேளுங்கள். குறித்தவற்றை ஒரு நோட்டில் வகை வாரியாக ஏற்றுங்கள். நான்கைந்து வாரத்தில் ஒரு விஷயம் தெரியவரும்: ஒருவர் செய்யும் தவறுகள் நூறு வகை இல்லை, அதே ஆறேழுதான் வேஷம் மாற்றி வருகின்றன.

வாரத்துக்கு ஒரு முறை 2 நிமிடப் பேச்சைப் பதிவு செய்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் கழித்து முதல் பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உச்சரிப்பை அப்போது பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல் எத்தனையாவது சொல்லாக வருகிறது என்று மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போகும் வாக்கியங்களைத் தனியே எழுதி வைத்தால், அடுத்த வாரத்துக்கான பாடம் அதுவே.